உருகிய கல்லும் உறைந்த கல்லும்

(அறிவியற் பொழிவின் எழுத்துருவம்)



ஞாலத்தின் மேலோட்டைத் தோண்டினால், அடியில் நெருப்புக் குழம்பு கடல்போல் அலைமோதும் என்பது பலர் எண்ணம். அஃது உண்மையன்று. மேலோட்டின் அடி தொடங்கி ஏறத்தாழ 2900 கிலோமீட்டர் ஆழம்வரை பரந்து கிடப்பது கல்லே. மிகச் சூடான, ஆனால் திண்மையான கல். நிலநடுக்கத்தின்போது எழும் அலைகளுள் ஒருவகை, நீர்மத்தினூடே செல்லாது. அவ்வலை இக்கல்லகத்தை ஊடுருவிச் செல்கின்றது. அதற்கும் கீழே உருகிய இரும்பு உண்டு. எரிமலை வழியே வருவது அதுவன்று.

அவ்வாறாயின் கல் எங்ஙனம் உருகுகின்றது? அதற்குரிய கரணியங்கள் மூன்று.

முதலாவது, அழுத்தம் குறைதல். உதகையில் உலைநீர் கீழ்நிலத்தினும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கின்றது. அங்குக் காற்றின் அழுத்தம் குறைவு. கல்லும் அத்தகையதே. ஆழத்தில் மேற்கல்லின் பளு அதனை உருகவிடாது இறுக்கிப் பிடித்திருக்கும். அது மெல்ல மேலெழுங்கால் பளு குறையும்; சூடோ பெரிதும் குறையாது; ஆகவே உருகத் தொடங்கும். ஐசுலாந்தின் எரிமலைகள் இவ்வகையின. 1963-இல் அந்நாட்டின் தென்கடலில் சர்ட்சே என்னும் புதுத்தீவே எழுந்தது.

இரண்டாவது, நீர் சேர்தல். உப்பிட்ட பனிக்கட்டி முன்னினும் குறைந்த சூட்டில் உருகும். அதுபோல, கடலடித் தட்டு மற்றொரு தட்டின்கீழ்ப் புதையுங்கால், தன்னுட் பிணைந்த நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் வெளிவிடும். அந்நீர் மேலுள்ள கல்லின் உருகுநிலையைத் தாழ்த்தும். பசிபிக் பெருங்கடலைச் சூழ்ந்த எரிமலைகளுட் பெரும்பாலான இவ்வாறு பிறந்தவை. அதே நீர் மேலே வந்ததும் ஆவியாய் விரிந்து குழம்பைச் சிதறடிக்கும். 1991-இல் பிலிப்பைன்சு நாட்டின் பினதுபோ வெடித்தது இவ்வாறே. அறிகுறிகளை முன்னரே கண்டுணர்ந்த அறிவியலார் சொற்கேட்டு வெளியேறிய பல்லாயிரவர் பிழைத்தனர். கல் உருகும் முறையை அறிதல் வெற்று ஏட்டறிவன்று, உயிர்காக்கும் அறிவு.

மூன்றாவது, வெப்பம் வந்து சேர்தல். கீழிருந்து ஏறிய குழம்பு மேலோட்டில் தங்கி, சுற்றியுள்ள கல்லையும் உருக்கும்.

எவ்வகையாயினும் தாய்க்கல் முழுதும் உருகுவதில்லை. எளிதில் உருகுவன உருகும், ஏனைய தங்கிவிடும். அவ்வுருக்கு, சூழ்ந்த கல்லினும் எடை குறைந்ததாகலின் மேலேறும். மேலையர் இதனை மாக்மா என்பர். பிசைந்த பொருள் எனக் கிரேக்கத்திற் பொருள்படும் சொல் அது. உருக்கும் பளிங்குமணிகளும் வளியும் விரவிய அதற்குப் பாறைக்குழம்பு என்னும் தமிழ்ச்சொல் முற்றும் பொருந்தும்.

இனி, உறையுமாறு காண்க. பனம்பாகைக் கலத்திலிட்டுப் பல கிழமை அசையாது வைத்தால் பெரிய கற்கண்டு விளையும். விரைந்து ஆற்றினால் பொடிமணியே கிட்டும். பாறைக்குழம்பும் இவ்வாறே. நிலத்தின் ஆழத்தில் பல்லாயிரம் ஆண்டு ஆறியது, கண்ணுக்குத் தெரியும் பருமணிகளையுடைய கிரானைட்டாகும். வெளியே வழிந்து விரைந்து ஆறியது, நுண்மணிகளையுடைய பசால்ட்டாகும். மணி விளையவும் பொழுதின்றி உறைந்தது கண்ணாடிக்கல்லாகும். மூன்றும் அனற்பாறைகளே.

இதனை மாந்தர் கண்ணெதிரே கண்டதும் உண்டு. 1959-இன் இறுதியில் அவாயித் தீவின் கிலாவேயா இக்கி என்னும் பெருங்குழியில், நூறு மீட்டருக்கு மேற்பட்ட ஆழமுள்ள எரிகுழம்பு ஏரி தேங்கிற்று. அறிவியலார் அதன் மேலோட்டைப் பலமுறை துளைத்து, ஓடு தடிப்பதையும் மணிகள் விளைவதையும் அளந்தனர். அவ்வேரி முழுதும் கல்லாக முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஒன்று நினைவிற் கொள்க. கருங்கல் எனப்படுவன யாவும் அனற்பாறையல்ல. தமிழகத்துக் கருங்கற்களுட் பல, உறைந்தபின் மீண்டும் ஆழத்தில் அழுந்தியும் வெந்தும் உருமாறியவை. எனவே, நிறத்தை மட்டும் கண்டு முடிவு செய்யற்க. உடைந்த முகத்தைக் கையிலேந்தி, மணிகளின் பருமையையும் அவை வரிபட்டுக் கிடக்கும் நிலையையும் நோக்குக. கல்லின் பிறப்பும் வளர்ப்பும் ஆங்கே எழுதப்பட்டுள்ளன. படிக்கும் கண்ணே வேண்டுவது.