விதையும் நிலமும்



மேற்கோள் காட்டுவோரிடம் ஒரு பழைய நோய் உண்டு. ஒரு தொடரை எடுத்துக்கொண்டு அடுத்த தொடரை விட்டுவிடுவார்கள். புலமை உலகில் இதனால் விளைந்த வழக்குகள் இவ்வவைக்குத் தெரியாதவை அல்ல. மருத்துவ உலகிலும் அப்படியொரு வழக்கு நடந்தது. அதில் சிக்கியது முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தோரின் நம்பிக்கை.

ஸ்பெயின் நாட்டு நரம்பியல் மேதை சந்தியாகோ ரமோன் ஈ கஹால், நரம்பு மண்டலத்தின் சிதைவையும் மீட்சியையும் பற்றி 1913, 1914 ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாகப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். வளர்ந்துவிட்ட உயிரின் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புப் பாதைகள் முடிந்த முடிபு. அங்கே அழிவு உண்டு, மறுமுளைப்பு இல்லை என்ற கருத்தை அதில் எழுதினார். இது பிற்காலத்தாரால் ஓயாமல் எடுத்தாளப்பட்டது. அதை அடுத்தே, கூடுமாயின் இக்கடுந்தீர்ப்பை மாற்றுவது வருங்கால அறிவியலின் பொறுப்பு என்ற கருத்தையும் அவர் வைத்திருந்தார். அது பலருடைய எழுத்திலும் விடுபட்டுப் போயிற்று. வினையெச்சத்தோடு நிறுத்திவிட்டு, முற்றைப் பாராமலே உரை வகுத்த கதைதான்.

தீர்ப்பை எழுதிய கை மேல்முறையீட்டுக்கும் இடம் வைத்தது ஏன்? மறுப்புச் சான்று அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே, அவருடைய மாணவர் ஒருவரின் கண்ணாடித் தகட்டிலேயே இருந்தது. அம்மாணவர் பிரான்சிஸ்கோ தெய்யோ.

தெய்யோ 1880 இல் அரகோன் நிலப்பகுதியில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற அல்ஹாமா என்னும் சிற்றூரில் பிறந்தார். மாட்ரிடில் மருத்துவம் பயின்று, இருபதுகளின் தொடக்கத்தில் கஹாலின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். அப்போது அங்கே ஒரு புதிய கருவி பிறந்திருந்தது. வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பிழைகளுக்குச் சாயமேற்றும் முறையைக் கஹால் 1903 இல் செப்பம் செய்திருந்தார். மஞ்சள் தரையில் கருங்கோடுகளாக இழைகள் துலங்கும். இளமையில் ஓவியராக விரும்பியவர் கஹால். அவர் வரைந்த நரம்புப் படங்களைக் காண்போர் அந்த ஆசை வீண்போகவில்லை என்றே சொல்வர். அந்த நிழலில் வளர்ந்த தெய்யோ, அறுந்த நரம்பு மீண்டும் தசையைத் தேடி அடைந்து முனை பதிப்பதை ஆராய்ந்து 1907 இல் எழுதினார்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கையிலோ காலிலோ ஓடும் நரம்பு அறுந்தால், அறுந்த இழை மெல்ல வளர்கிறது. மனித உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். தண்டுவடம் அறுந்தால் அவ்வாறில்லை. அறுந்த முனைகள் சில நாள் துளிர்விட முயல்கின்றன. பிறகு வாடி நின்றுவிடுகின்றன. அந்தத் துளிர்ப்பையும் வாட்டத்தையும் கஹாலே கண்டு வரைந்திருக்கிறார். ஓர் உடலில், ஒரே வகை உயிரணுவின் இழைகள் ஓரிடத்தில் வளர்கின்றன, மற்றோரிடத்தில் வளரவில்லை. குற்றம் விதையிலா, நிலத்திலா?

முப்பதைக் கடந்திருந்த தெய்யோ இவ்வினாவை முயலிடம் கேட்டார். முயலின் காலுக்கு ஓடும் பெருநரம்பை முதலில் அறுத்துவிட்டார். அறுந்த பகுதியின் இழைகள் செத்து அழிய, அவற்றைப் போர்த்தியிருந்த ஷ்வான் உயிரணுக்கள் மட்டும் உயிரோடு எஞ்சும். இழையற்ற வெறுங்குழல் போன்ற அந்தத் துண்டை எடுத்து, மூளையின் புறப்பகுதியில் பதித்தார். பின்னர் மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்த்தபோது, வளராது என்று கருதப்பட்ட மூளை இழைகள் அந்தத் துண்டுக்குள் புகுந்து ஓடியிருந்தன. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பிலும் இதுபோன்ற ஒட்டுகளைச் செய்து பார்த்தார். 1911 இல் இவை அச்சேறின. மூளையின் விதை மலடு அன்று. ஏற்ற நிலம் கிடைத்தால் அது முளைக்கும் என்பதே அக்கட்டுரையின் சாரம். கஹால் தம் பெருநூலில் இச்சோதனைகளுக்கு உரிய இடம் கொடுத்தார்.

உலகம் ஏற்றதா? இல்லை. அதில் முழுக்க முழுக்க அநீதி இருந்தது என்று சொல்வதற்கில்லை. வெள்ளிச் சாயம் இழையைக் காட்டும். அது எங்கிருந்து புறப்பட்டது என்பதைக் காட்டாது. மூளையைப் போர்த்திய சவ்விலுள்ள சாதாரண நரம்புகளே துண்டுக்குள் புகுந்திருக்கலாமே என்று ஐயுற இடமிருந்தது. 1940களில் இங்கிலாந்தின் லெ கிராஸ் கிளார்க் இச்சோதனையை மறுபடி செய்து, தெய்யோவின் முடிபை ஏற்க மறுத்தார்.

மறுமொழி சொல்லும் நிலையிலும் தெய்யோ இல்லை. 1934 இல் கஹால் மறைந்தபின் அவர் பெயரிலான ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றவர் தெய்யோ. இரண்டே ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1939 இல் பிராங்கோவின் ஆட்சி வந்ததும் அவருடைய பேராசிரியர் பதவியும் இயக்குநர் பொறுப்பும் பறிக்கப்பட்டன. பதவி திரும்பியபோது அவருக்கு எழுபது நெருங்கியிருந்தது. 1958 இல் மறைந்தார்.

அவர் பிறந்து சரியாக நூறு ஆண்டுகள் கழிந்த 1980 இல், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவும் பீட்டர் ரிச்சர்ட்சனும் எலியின் தண்டுவடத்தில் அதே காரியத்தைச் செய்தனர். இம்முறை அவர்களிடம் தெய்யோவுக்கு வாய்க்காத ஒன்று இருந்தது: நரம்பிழை உறிஞ்சி, தன் தாயணு வரை சுமந்து செல்லும் ஒரு தாவர நொதி. இழையின் பிறப்பிடம் இனி ஊகம் அன்று. 1981 இல் சாமுவேல் டேவிட்டும் அகுவாயோவும், தண்டுவடத்தையே விட்டுவிட்டு, முகுளத்திலிருந்து முதுகின் நடுப்பகுதிவரை ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளக் கால்நரம்புப் பாலம் அமைத்தனர். இழைகள் அதனுள் 30 மில்லிமீட்டர் வரை ஓடின. பாலத்தின் மறுகரையில் தண்டுவடத்துக்குள் இறங்கியவையோ சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டன. அந்தத் தயக்கம் தெய்யோவின் வினாவுக்குக் கிடைத்த தெளிவான விடை. இழை அதே இழைதான்; நிலம் மாறியதும் நின்றது.

நிலத்தில் இருக்கும் நஞ்சு யாது என்று தேடியவர் சூரிக் நகரின் மார்ட்டின் ஷ்வாப். மூளை, தண்டுவட இழைகளைப் போர்த்தும் மயலின் உறையில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் உண்டென்று 1988 இல் காட்டினார். அத்தடையை எதிர்க்கும் மருந்து செலுத்திய இளம் எலிகளின் தண்டுவடத்தில் இழைகள் 7 முதல் 11 மில்லிமீட்டர் வளர்ந்ததாக 1990 இல் அறிவித்தார். அப்புரதத்துக்குப் பின்னர் 'நோகோ' என்று பெயரிட்டார்கள். 'போகாதே' என்பது பொருள். பெயர் வைப்பதில் அறிவியலாரும் சில வேளைகளில் கவிஞர்களாகிவிடுகிறார்கள். எனினும் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டோருக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2024 இல் வெளியானபோது, எல்லாரையும் சேர்த்துப் பார்க்கையில் எதிர்பார்த்த பயன் புலப்படவில்லை. முழுதும் அற்றுப்போகாத காயமுடையோரிடம் மட்டும் சில நல்ல அறிகுறிகள் தெரிந்தன. எலியின் மில்லிமீட்டருக்கும் மனிதனின் நடைக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

தெய்யோவின் ஒட்டு மனித உடலுக்கும் வந்தது. போலந்தில் கத்திக்குத்துப்பட்டுத் தண்டுவடம் அறுந்த தீயணைப்பு வீரர் ஒருவருக்கு 2012 இல் விரோத்ஸ்வாவ் நகரில் அறுவை நடந்தது. மூக்கின் மண உணர்வோடு தொடர்புடைய உயிரணுக்களை அவர் மூளையின் அடிப்பகுதியிலிருந்து எடுத்து வளர்த்து, காயத்தைச் சூழப் பதித்தார்கள். இந்த உயிரணுக்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர் இலண்டன் அறிஞர் ஜெஃப்ரி ரெய்ஸ்மன். இடைவெளி 8 மில்லிமீட்டர். அதன்மேல் பாலமாக வைத்தவை, அவருடைய கணுக்கால் நரம்பிலிருந்தே எடுத்த நான்கு கீற்றுகள். அவர் ஓரளவு உணர்ச்சியும் அசைவும் பெற்று, தாங்கியைப் பிடித்துக்கொண்டு அடியெடுத்து வைத்ததை 2014 இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். ஒருவருடைய நலத்தைக் கொண்டு முடிவு கூறலாகாது. அவர் இடைவிடாது மேற்கொண்ட கடும் உடற்பயிற்சிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பாலத்துக்குக் கைகால் நரம்பையே எடுக்க வேண்டும் என்னும் எண்ணம், 1911 ஆம் ஆண்டில் மாட்ரிடில் ஒரு முயலின் காலிலிருந்து வந்தது.