பூசத்தின் வயது



தைப்பூசத்துக்கு மறுநாள், காஞ்சிபுரத்தில் என் ஒன்பதாம் வகுப்பில் விண்மீன் கூட்டத்தின் வயதைக் கணிக்கும் முறையைச் சொன்னேன். எல்லாம் ஒன்றாகப் பிறந்தவை. நிறை மிகுந்தவை முதலில் எரிபொருளைத் தீர்க்கும். எந்த நிறை வரை தீர்ந்தது என்று பார்த்தால் வயது தெரியும். பாட்டி இராட்டையில் தார் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “விண்மீனும் சுற்றுதே ஐயா, கணக்கு மாறாதா?”

மாறாது என்றேன். தவறு.

சூரியன் நடுக்கோட்டில் நொடிக்கு 2 கி.மீ. வேகத்தில்தான் சுழல்கிறது. கார்த்திகைக் கூட்டத்தின் பிளையோனி சுமார் 300 கி.மீ. இப்படிச் சுழலும் விண்மீனுக்குள் கலப்பு நிகழ்ந்து, மையத்துக்குப் புது ஹைட்ரஜன் சேர்கிறது. ஆயுள் நீள்கிறது, உண்மை வயதைவிட இளையதாகத் தெரிகிறது. இடைப்பகுதி புடைத்துக் குளிர்கிறது, துருவம் சூடாகவே இருக்கிறது. ஆகவே பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறமும் ஒளியும்கூட வேறுபடும். (இது எனக்கே புதிது.)

பூசக் கூட்டத்துக்குப் பழைய கணிப்புகள் 60 கோடி ஆண்டுகளை ஒட்டியவை. சுழற்சியையும் சேர்த்து 2015இல் கணக்கிட்டபோது ஏறத்தாழ 80 கோடி வந்தது.

இதைப் படித்த மறுநாள், பாடத்தைத் தொடங்குமுன் அவளை எழுப்பி, “நீ கேட்டதுதாம்மா சரி” என்றேன். கரும்பலகையில் 60ஐ அழித்து 80 என்று அவளே எழுதினாள்.