லிஃப்ட் மூடின பிறகு ரக்பி

ஆல்ப்ஸ் மலைக்கு ஸ்கீயிங் போகப் போறவங்க, போகணும்னு காசு சேர்த்துட்டு இருக்கறவங்க, எல்லாருக்குமான எபிசோட் இது. ஆனா ஸ்கீயிங் பத்தி இல்ல. அந்த ஊர் பார்ல உட்கார்ந்து ரக்பி பார்க்கறது பத்தி. "அவ்ளோ செலவு பண்ணிப் போயிட்டு டிவி பார்க்கணுமா?"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது. எங்க ஆபீஸ் கோஷ்டி ஏழு பேரும் இதே சண்டைதான் போட்டோம்.

முதல்ல காலண்டர். இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, இத்தாலி, ஸ்காட்லாந்து, வேல்ஸ் இந்த ஆறு அணியும் ஆடற போட்டிக்குப் பேர் சிக்ஸ் நேஷன்ஸ். 1883-ல நாலு அணியோட தொடங்கினது. 2000-ல இத்தாலி சேர்ந்த பிறகுதான் ஆறு ஆச்சு. வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்ல நடக்கும். ஸ்கீயிங் சீசனும் அப்பதான். அதனால பிரெஞ்சு ஆல்ப்ஸ்ல, பிரிட்டிஷ்காரங்க நிறைய வர்ற ஊர்கள்ல, சனிக்கிழமை ஆனா பார் எல்லாம் ஜெர்சியால நிறைஞ்சிடும்.

அடுத்து நேரம். கடைசி வாரம் ஒரே நாள்ல மூணு ஆட்டம். 2024 மார்ச் 16 அன்னிக்கு பிரான்ஸ் நேரப்படி மதியம் 3:15, மாலை 5:45, இரவு 9. மார்ச்ல லிஃப்ட் பெரும்பாலும் நாலரை, அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. அப்போ ரெண்டாவது, மூணாவது ஆட்டத்துக்காக நீங்க எதையும் இழக்கல. முதல் ஆட்டம் மட்டும்தான் பனியோட மோதுது. நாங்க காலையில முதல் லிஃப்ட்டைப் பிடிச்சு, ரெண்டரைக்கு இறங்கிட்டோம். அந்த நேரத்துக்கு மேல எங்க கால் எங்க பேச்சைக் கேக்கல, அது வேற விஷயம்.

உண்மையான தயக்கம் காசுலயோ நேரத்துலயோ இல்ல. கூட வந்த ஒரு தோழி வெளிப்படையாவே கேட்டுட்டா: "நான் குடிக்க மாட்டேன், ஆட்டமும் தெரியாது. அந்தக் கூட்டத்துல எனக்கு என்ன வேலை?" சொல்லாட்டியும் எங்க எல்லார் மனசுலயும் அதுதான் ஓடிட்டு இருந்தது. இந்த எபிசோடே அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஆட்டம் தெரியணும்னா இவ்வளவு போதும். பந்தைக் கையால பின்னாடிதான் பாஸ் பண்ணலாம். முன்னாடி போகணும்னா தூக்கிட்டு ஓடணும், இல்ல உதைக்கணும். பந்தோட ஓடறவரை எதிரணி கபடி மாதிரி பிடிச்சு சாய்க்கலாம். எதிரணிக் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வெச்சா 'ட்ரை', 5 புள்ளி. அதுக்கப்புறம் கம்பத்துக்கு நடுவுல உதைச்சா இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3. எண்பது நிமிஷம் முடிஞ்சாலும் பந்து ஆட்டத்துல இருக்கற வரை ஆட்டம் முடியாது.

பார்ல கமென்ட்ரி பிரெஞ்சுல ஓடும், அதுவும் சத்தத்துல கேக்காது. ரெஃப்ரீயோட கையைப் பாருங்க. கையைச் சாய்வா மேல தூக்கினா பெனால்டி. இடுப்பு உயரத்துல பக்கவாட்டுல நீட்டினா, தப்பு நடந்திருக்கு, ஆனா எதிரணிக்கு சாதகமா இருக்கறதால ஆட்டத்தை விட்டுவைக்கறார். காத்துல செவ்வகம் வரைஞ்சா, கிரிக்கெட்ல தேர்ட் அம்பயரைக் கேக்கற அதே சைகைதான்.

இப்போ அந்தச் சனிக்கிழமை. ஊர் மோர்ஸின். முதல் ஆட்டம் வேல்ஸ், இத்தாலி. காலியா இருந்த நாற்காலி எல்லாம் ஒரு வேல்ஸ் குடும்பத்துக்குப் பக்கத்துல. எங்க அப்பா வயசு மனுஷர், சிவப்பு ஜெர்சி. தோழி ஹாட் சாக்லேட்டைக் கையில வெச்சுக்கிட்டு, "இப்ப ஏன் விசில் அடிச்சாங்க?"ன்னு கேட்டா. அவ்வளவுதான், மிச்ச ஆட்டம் முழுக்க அவர்தான் எங்களுக்கு வாத்தியார். அவர் அணி 21-24-னு தோத்துப் போச்சு. அந்த வருஷம் அஞ்சு ஆட்டத்துலயும் தோல்வி, கடைசி இடம். அவர் எழுந்து போய் மூலையில இருந்த இத்தாலிக்காரங்க கையைக் குலுக்கிட்டு வந்தார். "ஒன்பது மணிக்கு வந்துடுங்க, உங்களுக்கும் இடம் பிடிச்சு வெக்கறேன்"னார்.

போனோம். பிரான்ஸ், இங்கிலாந்து. ஆடறது லியோன்ல, பாதி பார் பிரெஞ்சு, பாதி பார் ஆங்கிலம். கடைசி நிமிஷங்கள்ல இங்கிலாந்து 31-30-னு முன்னிலை. அப்புறம் தோமா ராமோஸ் ஏறத்தாழ பாதி மைதான தூரத்துல இருந்து ஒரு பெனால்டி உதைச்சார். 33-31. பரிமாறிட்டு இருந்த பையன் தட்டை அப்படியே எங்க மேஜையில வெச்சுட்டு கத்தினான். பக்கத்துல இங்கிலாந்து ஜெர்சி போட்ட அம்மா அவன் தோளைத் தட்டி, "போய்க் கொண்டாடு, பில் அப்புறம் பார்த்துக்கலாம்"னு அனுப்பி வெச்சாங்க.

ரக்பி மைதானங்கள்ல பொதுவா ரசிகர்களை அணிவாரியாப் பிரிச்சு உட்கார வைக்கறதில்ல. அந்தப் பழக்கம் பாருக்கும் வருது. அதனால என் யோசனை ஒண்ணே ஒண்ணு: தோக்கற அணிக்காரங்க பக்கத்துல உட்காருங்க. ஜெயிக்கறவங்க பாடிட்டு இருப்பாங்க, உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது. தோக்கறவங்களுக்குப் பேச ஒரு ஆள் வேணும். நீங்க ஒரு கேள்வி கேட்டா போதும், அந்த மேஜையில உங்களுக்கும் ஒரு இடம் உண்டு.

கடைசியா பாதுகாப்பு. மலை மேல இருக்கற பார்ல பார்த்துட்டு சறுக்கி இறங்கலாம்னு நினைக்காதீங்க, ஊருக்குள்ள இருக்கற பாரைத் தேர்ந்தெடுங்க. இத்தாலியில 2022 ஜனவரியில இருந்து குடிச்சுட்டு ஸ்கீயிங் பண்றது சட்டப்படி குற்றம். பிரான்ஸ்ல சறுக்குப் பாதையில அடிபட்டா மீட்புச் செலவு உங்க தலையிலதான். குடிச்சிருந்தா பல இன்ஷூரன்ஸ் பாலிசி காசு தராது. ஸ்கீ பூட்ஸை ரூம்ல கழட்டி வெச்சுட்டு, பிடிமானம் உள்ள ஷூ போட்டுட்டுப் போங்க. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தத் தெருவெல்லாம் ஐஸ் கட்டியா இருக்கும்.

உங்களுக்கு ஆட்டமே தெரியாத ஒரு கூட்டத்துல உட்கார்ந்து பார்த்த அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த வாரம் சேர்த்துக் கேப்போம். வரட்டுமா மக்களே.