கடைசிக் கப்பலும் கல்யாணமும்: தீவுப் பண்டிகை நாவல் குறித்த தலைமை உரை

 

பண்டிகைக்கு வெளிவரும் காதல் நாவலுக்கு ஒரு கருத்தரங்கா என்று சிலர் கேட்கக்கூடும். தீபாவளி மலரை வீட்டில் வரிவிடாமல் படித்துவிட்டு, வகுப்பறையில் அதன் பேச்சையே எடுக்காதவர்கள் நாம். அந்தத் தயக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, ஸ்காட்லாந்துத் தீவுகளைக் களமாகக் கொண்ட கிறிஸ்துமஸ் நாவலைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நாவலாசிரியர் ஜென்னி கோல்கன் 2018இல் வெளியிட்ட 'ஆன் ஐலண்ட் கிறிஸ்துமஸ்' நல்ல எடுத்துக்காட்டு. களம், ஸ்காட்லாந்தின் வடகோடியில் அவர் கற்பனை செய்த ம்யூர் தீவு. லண்டனில் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலைபார்த்த ஃபுளோரா பிறந்த மண்ணுக்குத் திரும்பி, இறந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்து உணவகம் திறந்த கதை, இத்தொடரின் முதல் நாவலாக 2017இலேயே வந்துவிட்டது. இந்த நாவலில் அவள் கருவுற்றிருக்கிறாள். குழந்தையின் தகப்பன் ஜோயல், வளர்ப்பு இல்லங்களில் ஆளான அமெரிக்கர். குடும்பம் என்றால் என்னவென்றே அனுபவித்தறியாதவர். அவரிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தவிக்கிறாள். ஃபுளோராவின் சகோதரன் ஃபின்டனின் வாழ்க்கைத் துணையான கோல்டன் என்ற செல்வந்தர் நோயில் நாளெண்ணிக்கொண்டிருக்கிறார். சிரியாவிலிருந்து அகதியாக வந்த மருத்துவர் சைஃப், மனைவி இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் பிள்ளைகளை வளர்க்கிறார்.

இத்தனை பேரையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவர நாவலாசிரியருக்கு இரண்டு சாதனங்கள் வேண்டும். ஒன்று தேதி, அதைப் பண்டிகை கொடுத்துவிடுகிறது. மற்றொன்று தப்பிக்க முடியாத இடம். அதைக் கடல் கொடுக்கிறது. வடகோடித் தீவுகளின் டிசம்பர் அப்படிப்பட்டது. ஷெட்லண்டில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகவே பகல். அபர்டீனிலிருந்து அங்குள்ள லெர்விக்குக்குக் கப்பல் ஓர் இரவு முழுக்க ஓடுகிறது. புயல் அடித்தால் அதுவும் இல்லை. நகரத்து நாவலில் கோபித்துக்கொண்ட காதலன் டாக்சி பிடித்துப் போய்விடலாம். தீவில் கோபித்துக்கொண்டவனும் அதே மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

நான் இன்று முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். தீவுப் பண்டிகை நாவல்களில் 'இருவரும் சேருவார்களா' என்பது மேல்முடிச்சு. அடிமுடிச்சு, 'இந்தத் தீவில் இனி யார் இருப்பார்கள்' என்பது.

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவில் எஞ்சியிருந்த 36 பேர், தங்களை வெளியேற்றும்படி தாங்களே அரசிடம் விண்ணப்பித்து, 1930 ஆகஸ்ட் 29 அன்று கப்பலேறினார்கள். கிளம்புமுன் ஒவ்வொரு வீட்டிலும் விவிலியத்தைத் திறந்துவைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸையும் குவித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்று சொல்வார்கள். அப்படி ஓய்ந்த ஊர்களின் நினைவோடு படித்தால், தீவு நாவலில் ஒரு பெண் கருவுறுவது அந்த வீட்டுச் செய்தியாக மட்டும் இருப்பதில்லை. ஊரே காத்திருக்கும் செய்தியாகிவிடுகிறது.

ஆர்க்னித் தீவுகளைச் சேர்ந்த எழுத்தாளர் ஜார்ஜ் மக்கே பிரவுன் 1972இல் எழுதிய 'கிரீன்வோ' இதே கேள்விக்கு வேறு விடை தருகிறது. ரகசியத் திட்டம் ஒன்றுக்காக ஊர் அழிக்கப்படுகிறது, மக்கள் சிதறுகிறார்கள், ஆண்டுகள் கழித்துச் சிலர் திரும்பிவந்து பழைய சடங்கை நிறைவேற்றுகிறார்கள். பிரவுன் சடங்கை நம்பினார் என்றால் கோல்கன் சமையலறையை நம்புகிறார். அமெரிக்கரும் சிரியரும் அந்தச் சமையலறைக்குள் வந்தபிறகு, மேசையில் இடம் கிடைத்தவரெல்லாம் உறவு என்றாகிறது. இரத்த உறவை மட்டும் நம்பினால் தீவு பிழைக்காது என்று இந்த வெகுசன நாவல் துணிந்து சொல்கிறது. இதை அதன் பலமாகவே நான் மதிக்கிறேன்.

பலவீனமும் உண்டு. தீவின் பணமுடையைத் தீர்க்கக் கதைக்குள் ஒரு கோடீசுவரர் வர வேண்டியிருக்கிறது. வீடு கிடைக்காமல் இளையவர்கள் வெளியேறுவதும், கப்பல் பழுதாகிக் கடைகளில் சரக்குத் தீர்வதும் இன்றைய ஸ்காட்லாந்துத் தீவுகளின் அன்றாட நிகழ்வுகள். அவற்றைக் கோடீசுவரரின் காசோலை மூடிமறைத்துவிடுகிறது.

பண்டிகையையும் ஆராயாமல் ஏற்கலாகாது. ஸ்காட்லாந்துத் திருச்சபை நெடுங்காலம் கிறிஸ்துமஸைக் கொண்டாட்டமாக ஏற்கவில்லை. 1640இலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் அந்த விடுமுறையை ரத்துசெய்தது. அங்கே அது பொது விடுமுறையானது 1958இல்தான். அதுவரை புத்தாண்டே பெரிய கொண்டாட்டம். ஷெட்லண்டின் ஃபௌலா தீவிலோ, பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி இன்றும் ஜனவரி 6தான் பண்டிகை. ஆக, காலங்காலமாக வருவதுபோல நாவல் காட்டும் தீவுக் கிறிஸ்துமஸில், 1843இல் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' வழிவந்த லண்டன் வாசனை கணிசம்.

ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. வாசகர் எதற்காக இவற்றைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார் என்பதை ஏளனமின்றி ஆராயுங்கள். நாவலைத் தீவின் மக்கள்தொகைக் கணக்கோடும் கப்பல் அட்டவணையோடும் சேர்த்துப் படியுங்கள். தீவிலேயே பிறந்து எழுதுபவர்களை, தீவைப் பற்றி எழுதுபவர்களுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

சுபமான முடிவு என்பதாலேயே ஒரு நூல் எளிதாகிவிடாது. அந்தச் சுபத்துக்கு யார் ஊரை விட்டார்கள், யார் வேலையை விட்டார்கள் என்று கேட்கத் தொடங்கினால், இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளும் நமக்குப் போதாது. கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.