அந்தமானில் முந்தும் சூரியன்

குழந்தை குட்டிகளோடு அந்தமான் போகத் திட்டமா? அப்படியானால் ஒரு தகவல். அங்கே பொழுது சீக்கிரம் விடியும். சீக்கிரமே சாயும்.

காரணம் எளிது. இந்தியா முழுவதற்கும் கடிகாரம் ஒன்றுதான். அந்தமானோ நமக்கு வெகுதூரம் கிழக்கே இருக்கிறது. சென்னையைவிட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அங்கே சூரியன் முந்திக்கொள்ளும்.

அந்தமானில் நீல் தீவு என்று ஒரு குட்டித் தீவு. 2018-இல் அதற்கு ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். அமைதியான ஊர். லட்சுமண்பூர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். ஆனால் நம் வழக்கம் என்ன? மதியம் சாப்பாடு, ஒரு தூக்கம், எழுந்து ஒரு காபி, பிள்ளைகளுக்குத் தலை சீவி ஐந்தரைக்குக் கிளம்புவோம். டிசம்பரில் அப்படிப் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம்!

காலையில் சீக்கிரம் விடிவதோ லாபம். வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகள் ஆசைதீர விளையாடலாம். கடல் உள்வாங்கியிருந்தால் பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் குட்டி மீன்கள் ஓடுவதைக் காட்டலாம். கடல் எப்போது உள்வாங்கும் என்று விடுதிக்காரரை முதல்நாளே கேட்டுவையுங்கள்.

மறக்காதீர்கள், அங்கே பொழுது சீக்கிரம் சாயும். மதியம் மூன்று மணிக்கே எல்லோரையும் எழுப்பிவிடுங்கள். தூக்கத்தை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.