சத்தம் வராத கணினி: ஒதுக்கும் முன் ஐந்து சோதனைகள்

(குறுவளமையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சவுண்ட் வரல சார், சிஸ்டம் போச்சு" என்ற பேச்சு நம் பள்ளிகளில் அடிக்கடி கேட்பது. அப்படிச் சொல்லிக் கணினியை மூலையில் வைக்கும் முன் கால் மணி நேரம் செலவிடுங்கள் என்று கேட்கவே வந்திருக்கிறேன். ஒலி இல்லாவிட்டால் ஆங்கில உச்சரிப்பைப் பிள்ளைகள் காதால் கேட்டுப் பழக முடியாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு இழப்பு இன்னும் பெரிது. லினக்ஸில் உள்ள ஓர்கா என்ற திரைவாசிப்பான் அவருக்காகத் திரையைப் படித்துச் சொல்கிறது. ஒலி நின்றால் அவருக்குக் கணினியே இல்லை.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வந்தது. ஆனாலும் சத்தம் வரவில்லை என்றால் டிரைவர் சிடியைத்தான் தேடுகிறோம். லினக்ஸில் ஒலிக்கான டிரைவர்கள் அல்சா என்ற பெயரில் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. அதற்கு மேலே பல்ஸ் ஆடியோ அல்லது பைப்வயர் அமர்ந்து, எந்தச் செயலியின் ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறது. ஆகவே டிரைவரைக் கடைசியில் பார்ப்போம். வெளியிலிருந்து உள்ளே போவோம்.

முதலாவது, ஸ்பீக்கர். அதன் வயரைக் கழற்றி ஒரு கைப்பேசியில் செருகிப் பாருங்கள். அதிலும் பேசவில்லை என்றால் கணினியின் மேல் பழியில்லை. மேசைக் கணினியில் வயர் பச்சை நிறத் துளையில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, ஒலி போகும் இடம். புரொஜெக்டரை எச்டிஎம்ஐ வயரில் இணைத்தால் ஒலியும் அதன் வழியே போய்விடக்கூடும். செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குச் சென்று, அவுட்புட் என்ற இடத்தில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது, மியூட். டெர்மினலைத் திறந்து அல்சாமிக்சர் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், ஒரே சொல்லாக அடியுங்கள். எஃப்6 விசையை அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஹெட்ஃபோன், ஸ்பீக்கர் என்று வரிசையாகக் கம்பங்கள் தெரியும். எதன் அடியிலாவது இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் அது மியூட்டில் இருக்கிறது. அங்கே நின்று எம் விசையைத் தட்டினால் திறக்கும். மேல் அம்புக்குறி ஒலியைக் கூட்டும்.

நான்காவது, நம் கரைக்கே உரிய தொல்லை. மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கத்து உப்புக்காற்று உலோகத்தை அரிப்பது நமக்குத் தெரியும். ஹெட்ஃபோன் துளைக்குள் இருக்கும் தொடுமுனையும் உலோகம்தான். அது அரித்தோ ஒட்டியோ போனால், ஹெட்ஃபோன் செருகப்பட்டதாக நினைத்து மடிக்கணினி தன் ஸ்பீக்கரை மூடிவிடும். கணினியை அணைத்துவிட்டு ஒரு ஹெட்ஃபோனைச் சில முறை செருகி எடுங்கள். போகவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைப் பயன்படுத்தலாம். ஊசியும் எண்ணெயும் வேண்டாம். பல கணினிகளில் அல்சாமிக்சருக்குள் ஆட்டோ-மியூட் மோட் என்று ஒன்று இருக்கும். அதை டிசேபிள்டு என மாற்றினால் ஸ்பீக்கர் மீண்டும் பேசக்கூடும்.

ஐந்தாவதுதான் டிரைவர். டெர்மினலில் ஏ எழுத்தையும் பிளே என்ற சொல்லையும் சேர்த்து எழுதி, இடம் விட்டு, சிறு கோடும் சிறிய எல் எழுத்தும் அடியுங்கள். உங்கள் கார்டின் பெயர் வந்தால் டிரைவர் அதை அடையாளம் கண்டிருக்கிறது; முந்தைய படிகளையே திரும்பப் பாருங்கள். சவுண்ட் கார்டு எதுவும் இல்லை என்று வந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பயாஸில் ஆடியோ அணைக்கப்பட்டிருக்கலாம். புதிய இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றுக்கு சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற தொகுப்பு தேவைப்படும். கெர்னல் பழையதாக இருந்தால் புதுப்பிக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து புதிய லினக்ஸ் ஒன்றை நிறுவாமலேயே இயக்கிப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, மென்பொருளைச் சரிசெய்தால் போதும்.

கருவியே பழுது என்றாலும் கணினியை ஒதுக்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்கின்றன.

இறுதியாக ஒரு வேண்டுகோள். எந்தக் கணினியில் என்ன கோளாறு, எது செய்ததும் சரியானது என்பதை ஆய்வகப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். நாம் மாறுதலில் போனாலும் அடுத்து வரும் ஆசிரியருக்கு அது உதவும். முதல் மூன்று சோதனைகளை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கலாம்.