அம்பத்தூர் லேத்தில் ஓடும் நிரல்

பதினொன்றாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்காக, குறிப்பாக அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக இன்று பேசுகிறேன்.

நிரல் எழுதுவது என்றாலே பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறைகளிலும் நாள் முழுக்க நிரல் ஓடுகிறது. அங்கே இருக்கும் சி.என்.சி. லேத், எழுதிக் கொடுத்த வரிகளின்படி இரும்பைக் கடையும் எந்திரம். 1952-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளைநாடாவைப் படித்து ஓடும் மில்லிங் எந்திரத்தைச் செய்து காட்டினார்கள். அதன் வழிவந்ததுதான் இந்த லேத்.

லேத்தின் திரையில் ஜி00, ஜி01, எம்03 என்று வரிவரியாக ஓடும். ஜி00 என்றால் டூல், அதாவது வெட்டும் கருவி, வெட்டாமல் வேகமாக நகரும். ஜி01 என்றால் சொன்ன வேகத்தில் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போகும். எம்03 வந்தால், கம்பியைப் பிடித்திருக்கும் சக் சுழலும். எம்30 வந்தால் நிரல் முடிந்தது.

நடுவில் துளையுள்ள ஒரு புஷ் செய்ய வேண்டுமா? முதலில் முகப்பைச் சமப்படுத்தும் ஃபேசிங், பிறகு மையத்தைக் குறிக்கும் சென்டர் டிரில், துளையிடும் டிரில், துளையை அகலமாக்கும் போரிங், கடைசியில் அறுத்தெடுக்கும் பார்ட்டிங். பார்ட்டிங்கை முன்னால் எழுதிவிட்டால், துளை விழும் முன்பே ஜாப், அதாவது செய்துகொண்டிருக்கும் பொருள், அறுந்து கீழே விழும். பாடநூலில் நெறிமுறை என்று படிக்கிறீர்களே, அது இந்த வரிசைதான்.

விட்டத்தைக் குறிக்க எக்ஸ் 50 என்று எழுதிவிட்டுப் பின்னால் புள்ளி வைக்க மறந்தால், பல லேத்துகள் அதை 50 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளாது. 50 மைக்ரான், அதாவது 0.05 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். ஓரத்தில் நிற்க வேண்டிய டூல் ஜாபின் மையத்தை நோக்கிப் பாய்ந்து நொறுங்கும். முழு எண்ணும் புள்ளி எண்ணும் வேறு என்று சொல்லும் தரவினம் என்ற பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

அதனால்தான் எந்திரத்தைத் தயார் செய்யும் செட்டர்கள் புதிய நிரலை முதல் தடவையே முழுதாக ஓடவிடுவதில்லை. சிங்கிள் பிளாக் போட்டு, ஒரு வரி ஓடியதும் நிறுத்தி, டூல் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போவார்கள். பிழை தேட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இப்போது ஒரு கணக்கு. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியை 40-க்கு இறக்க வேண்டும். ஒரே வெட்டில் முடியாது, இரண்டிரண்டாகக் குறைக்கிறோம். 48, 46, 44, 42, 40. ஐந்து வெட்டையும் தனித்தனியாக எழுத வேண்டாம். ‘விட்டம் 40-ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை, இரண்டு குறைத்து வெட்டு’ என்றால் போதும். விட்டம்தான் மாறி, ‘பெரிதாக இருக்கும்வரை’ நிபந்தனை, திரும்பத் திரும்ப நடப்பது மடக்கு. சி பிளஸ் பிளஸ்ஸில் நீங்கள் எழுதும் அதே ‘வைல்’ சி.என்.சி. மேக்ரோவிலும் உண்டு.

இதே நிரலில் 60-ஐ 45-க்கு இறக்கிப் பாருங்கள். 46-க்கு வந்ததும், 45-ஐவிடப் பெரிதுதானே என்று எந்திரம் இன்னும் இரண்டு வெட்டி 44-இல் நிற்கும். ஜாப் வீண். வெட்டுவதற்கு முன்பே, ‘மீதி இரண்டுக்குக் குறைவென்றால் மீதியை மட்டும் எடு’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இன்று மாலை இதைத் தாளில் எழுதி, சிங்கிள் பிளாக் போலவே ஒவ்வொரு வரிக்கும் விட்டம் என்ன என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். எட்டாவது வெட்டு ஒரு மில்லிமீட்டர் மட்டும் எடுத்து, 45 என்று வர வேண்டும்.